கேரவன் பாடியில் வெள்ளை மங்கலும் கறுப்புக் கோடுகளும்: எப்படி எடுப்பது?

ஊர்சுற்றி (சர்ஜாபூர் ரோடு, பெங்களூரு)
வணக்கம். டிராவலர் வேன் சேசிஸ்ல கட்டின எஃப்ஆர்பி (ஃபைபர் கிளாஸ்) பாடி கேரவன், 6 வருஷம் ஆகுது. தூங்குமூஞ்சி மரத்தடியில திறந்தவெளியில நிக்குது. பக்கவாட்டு முழுக்க வெள்ளையா மங்கிக் கிடக்கு. கூரை விளிம்புலேர்ந்து கறுப்புக் கோடுகளும் இறங்குது. கழுவுறது போர்வெல் தண்ணி. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் அடிக்கக் கொடுக்கலாமா? மே மாச மழைக்குள்ள முடிக்கணும்.

பட்டறைவாசி
மங்கல் எதனாலன்னு முதல்ல பாருங்க சார். காஞ்ச பாடியைக் கறுப்புத் துணியால அழுத்தித் தேயுங்க. வெள்ளை மாவு ஒட்டினா ஜெல்கோட் (ஃபைபர் மேல இருக்கிற பளபளப்புப் பூச்சு) வெயில்ல சிதைஞ்சிருக்கு. ஒட்டலைன்னா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு மூலையில தடவி 2 நிமிஷம் விடுங்க. கரைஞ்சு வந்தா அது போர்வெல் உப்புக்கறை. அதே கலவையில துடைச்சு நிறைய தண்ணி ஊத்தி அலசினா போதும். உப்புக்கறைக்குக் காம்பவுண்ட் (தேய்ச்சு மெருகேத்துற பேஸ்ட்) போட்டா நல்ல ஜெல்கோட்தான் வீணா தேயும்.

மாவு ஒட்டினா, படகுக்குப் போடுற மரைன் காம்பவுண்டை டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் (சுழன்று அதிர்ற பாலிஷ் மெஷின்) வச்சுத் தேய்க்கணும். 2 அடிக்கு 2 அடியா எடுத்து, குறைஞ்ச வேகத்துல ஆரம்பிங்க. விளிம்புலயும் மடிப்புலயும் கையாலதான். அங்க படலம் மெல்லிசு, மெஷின் சீக்கிரம் தின்னுடும். முடிச்ச கையோட வேக்ஸ் இல்லாட்டி பாலிஷ் சீலன்ட் (பாதுகாப்புப் பூச்சு) போடணும். போடாம விட்டா வெயில் நேரா ஜெல்கோட்டைத் தாக்கும், மங்கல் சீக்கிரமே திரும்பிடும். அப்புறம் 6 மாசத்துக்கு ஒரு தடவை வேக்ஸ். பாடிக்கு மேல பெயிண்ட் அடிச்சிருந்தா காம்பவுண்ட் வேண்டாம், ஃபினிஷிங் பாலிஷோட நிறுத்திக்கங்க.

மேல்கூரை
கறுப்புக் கோடு கூரையிலேர்ந்து வருது. அங்க சேர்ந்த தூசியும் மரத்துப் பிசினும் மழையில கரைஞ்சு இறங்குது. கூரையைக் கழுவாம பக்கவாட்டை எத்தனை தடவை தேய்ச்சாலும் அடுத்த மழைக்கு வந்துடும். காலை வெயில் ஏறுறதுக்குள்ள கூரை, அப்புறம் பக்கம், கடைசியா சக்கரம். பிஎச் நியூட்ரல் (அமிலமும் காரமும் இல்லாத) கார் ஷாம்பு, ரெண்டு பக்கெட்: ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல துணியை அலச வெறும் தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விட் வேக்ஸையும் எடுத்துடும், வேண்டாம்.

பிரஷர் பத்தி: ஜன்னல் ரப்பர், ஃப்ரிட்ஜ் வென்ட், பேனல் இணைப்பு, ஸ்டிக்கர் ஓரம், இதுக்கெல்லாம் நேரா அடிக்கவே கூடாது. உள்ள புகுந்த தண்ணி பிளைவுட்ல தங்கி அழுகும், வெளியே ஒண்ணும் தெரியாது. சர்வீஸ்ல கொடுத்தா பக்கத்துல நின்னு, விசிறி நாசில் போட்டு 3 அடி தள்ளி அடிக்கச் சொல்லுங்க.

கூரைக்கு ஏறும்போதே வென்ட், சோலார் பிராக்கெட் சுத்தி இடைவெளியை அடைச்சிருக்கிற சீலன்ட்டை விரலால அழுத்திப் பாருங்க. வெடிப்போ, ஓரம் தூக்கலோ இருந்தா பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால முழுசா எடுத்து, ஐபிஏ (ஐசோபுரோபில் ஆல்கஹால்) தொட்டுத் துடைச்சு, பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்க. சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒட்டின இடத்துல அப்புறம் எதுவும் பிடிக்காது.

நிழல்
அந்த ஐபிஏ ஜன்னல்ல பட்டுடக் கூடாது. கேரவன் ஜன்னல் பெரும்பாலும் அக்ரிலிக்; ஆல்கஹாலும் அமோனியா கலந்த கிளாஸ் கிளீனரும் பட்டா நுண்வெடிப்பு விழும். ஷாம்புத் தண்ணி, மைக்ரோஃபைபர் போதும். ஆனிங் (பக்கவாட்டுல விரிக்கிற பந்தல்) துணியை ஈரத்தோட சுருட்டாதீங்க, பூஞ்சை பிடிக்கும்.

2024 மார்ச்சுல தண்ணித் தட்டுப்பாட்டப்போ குடிநீர்ல வண்டி கழுவ பெங்களூரு குடிநீர் வாரியம் தடை போட்டு 5000 ரூபாய் அபராதம் அறிவிச்சது, அதனால குழாயில வர்ற காவிரித் தண்ணியை நம்ப வேண்டாம். போர்வெல்லயே கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் சேமிச்ச மழைத்தண்ணி. உடனே துடைச்சு உலர்த்திடுங்க. ஆர்ஓ சுத்திகரிப்பு மெஷின் வெளியேத்துற தண்ணி வேண்டாம், உப்பு அதுலதான் ஜாஸ்தி.