இறகு கொட்டிய முட்டைக்கோழிகள் கூடுதலாகத் தீவனம் எடுப்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். கோத்தகிரியில் கூண்டு முறையில் முட்டைக்கோழி வளர்க்கிறேன். எழுபது வாரம் கடந்த தொகுதி என்பதால் பல கோழிகளுக்கு முதுகும் கழுத்தும் மொட்டையாகிவிட்டன. மார்கழி பிறந்ததிலிருந்து தீவனச் செலவு ஏறுகிறது, முட்டையோ கூடவில்லை. நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் அதே இனம், அதே தீவனம், அதே மொட்டை முதுகு. ஆனால் அங்கே தீவனம் இவ்வளவு கூடவில்லை. காரணம் என்ன?

பதில் 1:
கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவு விரைவாக உடல் வெப்பம் வெளியேறும். நாமக்கல்லில் மார்கழிப் பகல் 31 டிகிரி என்றால் இடைவெளி பத்துதான். உங்கள் ஊரில் இரவு 10 டிகிரிக்கு இறங்கினால் இடைவெளி 31. இறகுகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. குளிரில் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காருவது அந்தக் காற்றடுக்கைத் தடிப்பாக்கத்தான். சிலிர்க்க இறகே இல்லாத கோழி, தீவனத்தில் கிடைக்கும் ஆற்றலை முட்டைக்குச் செலவிடுவதற்கு முன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவிட வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 110 கிராம் எடுக்கும் கோழி, உடலின் பெரும்பகுதி மொட்டையான நிலையில் குளிரில் நின்றால், ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்பது வியப்பில்லை.

பதில் 2:
அப்படியானால் வெப்பமான ஊரில் இறகு குறைவது நல்லதுதானே? பிறவியிலேயே கழுத்தில் இறகில்லாத கோழிகளுக்கு, அந்த மரபணுவின் ஒரு நகல் இருந்தால் இறகுப் போர்வை சுமார் 20 விழுக்காடும் இரு நகல்கள் இருந்தால் சுமார் 40 விழுக்காடும் குறைகிறது. வெயிலை அவை நன்றாகவே தாங்குகின்றன.

பதில் 3:
பிறவியிலேயே இறகில்லாததையும் கொத்துப்பட்டு இறகு போனதையும் ஒன்றாக்க வேண்டாம். கொத்துப்பட்டு மொட்டையான முதுகில் காயம் ஏற்படும்; இரத்தம் தெரிந்தால் மற்றவை மேலும் கொத்தும்.

கேட்டவருக்கு: கழுத்தின் முன்பக்கம் மட்டும் மொட்டை என்றால் தீவனத் தொட்டியின் விளிம்பு உரசியிருக்கலாம், முதுகும் வால் அடியும் என்றால் பெரும்பாலும் கொத்தல்தான். கழிவுத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பேன், உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் காற்று வரும் பக்கம் தார்ப்பாய் இறக்குங்கள். ஆனால் எச்ச நெடி கண்ணை எரிக்கும் அளவுக்கு முழுவதும் மூடாமல், மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும். கோழிக்கு இப்போது குறைவது ஆற்றல் மட்டுமே என்பதால், அதே தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விலை உயர்ந்த புரதம் வீணாகும். மக்காச்சோளத்தைச் சற்றுக் கூட்டிக் கலவையை மாற்றுவது மலிவு. சுண்ணாம்புச் சத்தும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் குறையாதபடி கால்நடை மருத்துவரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு மாற்றுங்கள்.