பத்தாயிரம் ரூபாய் மானியமும் வண்டி வாடகையும்

திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு, எண்ணூரும் காட்டுப்பள்ளியும் தாண்டி, பழவேற்காடு ஏரிக்கரையோரச் சிற்றூர் ஒன்றின் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவன் நான். பள்ளி மானியத்தைச் செலவிட்டதில் கண்டதைச் சொல்கிறேன்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். எங்கள் பள்ளி முதல் படியைத் தாண்டியதில்லை. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும்; மிச்சத்தில்தான் சாக்பீஸ், பதிவேடு, குடிநீர், சிறு பழுது எல்லாம். உப்புக் காற்றில் கதவுக் கீலும் குழாயும் துருப்பிடிக்கும் வேகத்தை எந்த விதியும் கணக்கில் கொள்வதில்லை.

ஒருமுறை கழிப்பறைக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் திருவொற்றியூரில் வாங்கி, குட்டி யானை வண்டியில் ஏற்றிச் சென்றோம். பொருளுக்கு முறையான பில் இருந்தது; வாடகைக்கு, ஓட்டுநர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த தொகை மட்டுமே இருந்தது. தணிக்கைக்கு வந்தவர் அதை ஏற்கவில்லை. அப்போது, மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் தாயாரான எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, "ரசீது இல்லேன்னா வண்டியே வரலேன்னு ஆயிடுமா சார்? தொட்டி இங்க நிக்குதே!" என்று கேட்டார். தணிக்கையாளர் சிரித்துவிட்டார், ஆனாலும் அந்தத் தொகையை அனுமதிக்கவில்லை, என் கையிலிருந்துதான் போயிற்று.

அதன்பின் வழி சொன்னவரும் அந்த அம்மாதான். கடைக்காரரே பொருளைப் பள்ளியில் இறக்கித் தர வேண்டும், ஏற்றுகூலியும் வாடகையும் அதே பில்லில் தனி வரியாக வர வேண்டும் என்று பேரம் பேசி, வாங்குவதற்கு முன்பே குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வைத்தார். அரசுப் பணத்தை இணையவழியில் செலுத்தும் பி.எஃப்.எம்.எஸ். முறை வந்து, பணம் விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு இன்னும் உதவியது. ஓட்டுநரையும் கூலியாளையும் அந்த முறையில் விற்பனையாளர்களாகத் தனித்தனியே பதிவுசெய்ய எங்களால் எப்படி இயலும்?

சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை என்ற கணக்கு நகரத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். 25 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் 90 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் அந்தத் தொட்டியை ஏற்றிவர வாடகை ஒன்றுதான். தொலைவுக்கென்று மானியத்தில் தனியாக ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வட்டார வள மையக் கூட்டங்களில் இதை நான் சொல்லியும் இருக்கிறேன். மானியம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றுக்காகவும் வங்கிக்காகவும் நான் வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியையின் பொறுப்பில் இருந்தன என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.