ஷூட்டர் விளையாட்டுகளுக்குக் கன்ட்ரோலரா, விசைப்பலகையும் மவுஸுமா?

கேள்வி

பல ஆண்டுகளாகக் கணினியில் விசைப்பலகையும் மவுஸும் கொண்டே விளையாடி வருகிறேன். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் விளையாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும் சண்டைகளில் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களிடம் தொடர்ந்து தோற்கிறேன். ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுவோரில் கன்ட்ரோலரைத் தொடுபவரைக் காண்பதே அரிது. இரண்டும் துப்பாக்கியால் சுட்டு ஆடும் ஷூட்டர் விளையாட்டுகளே. ஒன்றில் பலமாக இருக்கும் கருவி மற்றொன்றில் ஏன் எடுபடவில்லை? அடுத்து, காரை ஓட்டிப் பந்தாடும் ராக்கெட் லீக் ஆடவும் விரும்புவதால், கன்ட்ரோலர் வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1

மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்துகிறோமோ அதற்கேற்ற கோணத்துக்குப் பார்வை திரும்புகிறது. கை நின்றதும் அதுவும் நின்றுவிடுகிறது. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கோ திரும்பும் வேகத்தை மட்டுமே தீர்மானிப்பதால், குறி எதிரியின் மேல் வந்து சேரும் கணத்தில் கட்டைவிரலைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் குறி தாண்டிப் போய்விடும். தலையில் படும் ஒரே குண்டு சண்டையை முடித்துவிடக்கூடிய கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இந்தக் குறையை ஈடுகட்ட வழியில்லை.

பதில் 2

மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் ஏபெக்ஸில் உங்களைத் தோற்கடிப்பது ஸ்டிக்கின் துல்லியம் அல்ல, கன்ட்ரோலர் ஆட்டக்காரருக்குக் குறிபார்க்க விளையாட்டே தரும் உதவியான எய்ம் அசிஸ்ட். குறி எதிரியின் அருகில் இருக்க, ஆட்டக்காரர் ஸ்டிக்கை அசைத்துக்கொண்டிருந்தால், எதிரி நகரும் திசையில் பார்வையின் ஒரு பகுதியை மென்பொருளே திருப்பிவிடுகிறது. எதிரி சட்டென்று இடமிருந்து வலமாக மாறுவதைக் கண்டு மனிதக் கை செயல்படச் சுமார் 200 மில்லி விநாடி ஆகும். மென்பொருளுக்கு அந்தத் தாமதம் இல்லை. ஒருவரை வீழ்த்தப் பல குண்டுகள் தேவைப்படும் ஏபெக்ஸில், குறியை விடாமல் எதிரியின் மேல் வைத்திருப்பவரே வெல்வதால் இந்த உதவியின் மதிப்பு பன்மடங்காகிறது. 2024-இல் கணினி ஆட்டக்காரர்களோடு மோதும் போட்டிகளில் அந்த உதவியின் அளவை ஏபெக்ஸ் தயாரிப்பாளர்கள் குறைத்ததே, சமநிலை கெட்டிருந்ததற்குச் சான்று என்று கருதுகிறேன்.

இருந்தாலும் தொலைதூரச் சண்டையிலும், அந்தரத்தில் கூர்மையாகத் திசை மாறும் டேப் ஸ்ட்ரேஃப் போன்ற நகர்வுகளிலும் உங்கள் கருவிக்கே மேலான இடம் உண்டு. ஆகவே நெருங்கிய சண்டையைத் தவிர்த்து, தூரத்தை வைத்துக்கொண்டு ஆடுங்கள். வாலரண்ட் என்ற மற்றொரு ஷூட்டர் 2024-இல் கன்சோலுக்கு வந்தபோது, கன்சோல் ஆட்டக்காரர்களைக் கணினி ஆட்டக்காரர்களோடு கலக்காமல் தனியாகவே வைத்தார்கள். எனக்கு அதுவே நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

பதில் 3

ராக்கெட் லீக்குக்குக் கன்ட்ரோலரைத் தயங்காமல் வாங்குங்கள். விசைப்பலகையின் விசைக்கு அழுத்தம், விடுவிப்பு என்ற இரண்டு நிலைகளே உண்டு; ஸ்டிக்கைப் பாதியளவு சாய்த்தால் கார் பாதியளவே திரும்பும். காற்றில் பறக்கும் காரின் மூக்கைச் சிறிதளவு உயர்த்திப் பந்தைத் தொடும்போது அந்த இடைநிலைகள் பெரிதும் உதவுகின்றன. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கன்ட்ரோலரையே பயன்படுத்துகின்றனர், விசைப்பலகையோடு உயர்ந்த நிலையை எட்டியவர்களும் இருக்கிறார்கள் என்றாலும்.

வாங்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண ஸ்டிக்கின் உள்ளே உராயும் பகுதி தேயத் தேய, தொடாமலே கார் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். காந்தப்புலத்தால் நிலையை அறியும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்த உராய்வு இல்லை. ஏபெக்ஸுக்காக மட்டும் மாற வேண்டாம், மவுஸில் சேர்த்த பழக்கம் கட்டைவிரலுக்கு வந்து சேர நெடுநாள் பிடிக்கும்.