ஸ்மோக்கரில் ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை. உதவுங்கள்

தீக்கங்கு: அவசரம். இறைச்சியைப் புகையிலேயே வேகவைக்கும் என் ஸ்மோக்கர் அடுப்பின் மூடியில் உள்ள மீட்டர் 120 டிகிரி காட்டுகிறது, ஆனால் இறைச்சி ஒரு பக்கம் கருகி மறுபக்கம் அப்படியே இருக்கிறது. மேலே கறுப்பாகப் பிசுபிசுப்பு, வாயில் வைத்தால் ஒரே கசப்பு. என்ன செய்வது?

சாம்பல்தட்டு: எந்த வகை ஸ்மோக்கர்? நெருப்புப் பெட்டி பக்கவாட்டிலா, அடியிலா? கரியா விறகா? கருகுவது எந்தப் பக்கம்?

விறகுக்கட்டு: விறகில் ஈரம். வேறு எதையும் தேட வேண்டாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் அதிகமாகும்.

சாம்பல்தட்டு: புகைபோக்கி எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

தீக்கங்கு: பக்கவாட்டுப் பெட்டி. விறகு நன்றாகக் காய்ந்ததுதான். பெட்டியை ஒட்டிய பக்கம் கருகுகிறது. புகைபோக்கி முக்கால்வாசி மூடியிருக்கிறது, சூடு வெளியே போகக் கூடாதே.

பழைய அடுப்பு: இதை இங்கே பலமுறை விளக்கியாகிவிட்டது, தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். சரி, இன்னொரு முறை. புகைபோக்கிக்குள் சூடான காற்று லேசாகி மேலே ஏறுகிறது, அது ஏறுவதால்தான் நெருப்புப் பெட்டியின் வாயில் புதுக் காற்று உள்ளே வருகிறது. மேலே அடைத்தால் கீழே இழுவை நின்றுபோகும், விறகு சுடர்விடாமல் புகைந்துகொண்டே கிடக்கும், அந்தக் கெட்டி வெள்ளைப் புகையில் இருக்கும் தார்தான் உங்கள் இறைச்சியில் ஒட்டியிருக்கிறது. புகைபோக்கியை முழுக்கத் திறந்துவிட்டுச் சூட்டைக் கீழ் டேம்பரில் (நெருப்புப் பெட்டிக்குள் காற்று வரும் வாயைத் திறந்து மூடும் தகடு) கட்டுப்படுத்துங்கள். அதிலும் சூடு ஏறினால் விறகைக் குறையுங்கள். சின்ன நெருப்பாக இருந்தாலும் சுடர்விட்டு எரிய வேண்டும்.

சாம்பல்தட்டு: இதைக் கோபமில்லாமலும் சொல்லலாம். தீக்கங்கு, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைக் கீழ் டேம்பர் வாயில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே ஓடினால் இழுவை இருக்கிறது. அங்கேயே சுழன்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ வழி எங்கோ அடைத்திருக்கிறது. விறகுக்கு அடியில் சாம்பல் குவிந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

இரும்புத்தகடு: ஒரு பக்கம் கருகுவதற்கு ரிவர்ஸ் ஃப்ளோதான் தீர்வு. இறைச்சி வைக்கும் கம்பிக்கு அடியில் நீளமாகத் தகடு, புகை அதன் கீழே கடைசி வரை போய், மேலே ஏறித் திரும்பி வரும், புகைபோக்கி நெருப்புப் பெட்டிப் பக்கமே இருக்கும். சூடு இரண்டு முனைக்கும் சமமாகப் பரவும்.

பழைய அடுப்பு: வாங்கிய ஸ்மோக்கரை வெட்டி ஒட்டச் சொல்கிறீர்களா? அவ்வளவு இரும்பும் சூடேறவே நேரம் பிடிக்கும், பாதை நீளுவதால் இழுவையும் குறையும், குட்டைப் புகைபோக்கி அதற்குத் தாங்காது.

இரும்புத்தகடு: கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைக்குமே! மூடியைத் திறந்து மூடினாலும் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும், அதைச் சொல்ல மாட்டீர்களா?

விறகுக்கட்டு: விறகின் ஈரத்தை ஈரமானியில் அளந்து பார்த்தீர்களா? அதை இன்னும் சொல்லவில்லையே.

தீக்கங்கு: முழுக்கத் திறந்தேன், சாம்பலையும் அள்ளிவிட்டேன். புகை மெலிந்து லேசான நீலமாகிவிட்டது, கசப்பு இல்லை. பெட்டிப் பக்கம் இன்னும் சூடு அதிகம்தான். நன்றி.

சாம்பல்தட்டு: மூடி மீட்டரை நம்பாதீர்கள், அது மேலே இருக்கும் காற்றைத்தான் அளக்கிறது. கம்பி மட்டத்தில் இரண்டு முனையிலும் அளந்து போடுங்கள், தகடு வேண்டுமா என்று அப்புறம் பார்ப்போம்.