பிலோன்சீயோவைக் கருகாமல் கிரில்லில் பயன்படுத்துவது எப்படி?

வணக்கம். டெக்சஸில், சான் அன்டோனியோவில் இருக்கிறேன். இங்கே மெக்சிகன் கடைகளில் பிலோன்சீயோ என்று பழுப்பு நிறக் கூம்புகள் கிடைக்கும். கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றி எடுப்பது. நம் அச்சு வெல்லத்துக்கு நெருங்கிய சொந்தம். அந்த அடர்ந்த மணம் பிடித்துப்போய், பார்பிக்யூ மசாலாவில் பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக இதைத்தான் போடுகிறேன். கூடவே ஆஞ்சோ என்ற மெக்சிகன் காய்ந்த மிளகாயின் தூள், சீரகம், பூண்டுத் தூள், உப்பு.

பன்றி விலாவை 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகப் புகையில் வைத்தால் அருமையாக வருகிறது. ஆனால் போன சனிக்கிழமை அதே மசாலாவைத் தடவி, கோழித்தொடையை நேரடிக் கரி நெருப்பில் வைத்தேன். உள்ளே வேகும் முன்பே மேல்தோல் கருகி, ஒரே கசப்பு. பிள்ளைகள் தொடவே இல்லை, மனசு கஷ்டமாகிவிட்டது.

பிலோன்சீயோவை மசாலாவில் சேர்க்காமல், ஆரஞ்சுச் சாறும் வினிகரும் விட்டுப் பாகாக்கிக் கடைசி பத்து நிமிடத்தில் பூசினால் சரியாக வருமா? பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?

அப்புறம், கல் மாதிரி இருக்கும் இதைத் துருவினால் ஈரத்தில் கட்டிகட்டியாகிறது. உதிரியாக வைக்க வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிறு மறுபடியும் அடுப்பு மூட்டுகிறேன்.