மறு: கலைச்சொல் உதவி – பறப்பு நின்றுபோன விமான நிலையம்

அனுப்புநர்: த.மொ.

அனைவருக்கும் வணக்கம். மூடப்பட்ட பழம்பெரும் விமான நிலையங்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'டீகமிஷன்ட் ஏர்போர்ட்' (நிரந்தரமாகப் பயன்பாட்டிலிருந்து நீக்கிய விமான நிலையம்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'மூடப்பட்ட' என்று போட்டால், மூடுபனிக்காக இரண்டு மணி நேரம் மூடியதும் அதே சொல்தான். 'கைவிடப்பட்ட' என்பது பெர்லினின் டெம்பல்ஹோஃபுக்கு ஒட்டவில்லை. 2008 அக்டோபரில் விமானங்கள் நின்றன. 2010இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையில் இன்று சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

அனுப்புநர்: இள.

முதலில் 'விமான'த்தை எடுங்கள், த.மொ. விமானம் கருவறைக்கு மேலே இருப்பது. வானூர்தி என்று எழுதுங்கள். இரண்டாவது, சொல் கையிலேயே இருக்கிறது: பறந்தலை. வெண்ணிப் பறந்தலை, வாகைப் பறந்தலை என்று சங்கப் பாட்டில் வருகிறதே! பாழிடம், வெற்றுவெளி என்ற பொருள் பொருந்துகிறது. காதில் 'பற'வும் ஒலிக்கிறது. இனி ஒரு சொல்லை ஆக்கத் தேவையே இல்லை.

அனுப்புநர்: சு. (ஆசிரியை)

இள. ஐயா, ஒலி ஒத்தால் வேர் ஒத்துவிடுமா? வெண்ணியும் வாகையும் போர்க்களங்கள். கரிகாலனிடம் புறப்புண் பட்டு நாணிய சேரனின் களத்தைக் கொண்டுபோய் டெம்பல்ஹோஃபில் வைக்கிறீர்கள். 1948–49இல் பெர்லின் முற்றுகையின்போது மாவும் நிலக்கரியும் வந்து இறங்கி, ஊரை உயிரோடு வைத்திருந்த இடம் அது. உங்கள் சொல் கச்சிதமாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: சைப்ரஸின் நிக்கோசியா விமான நிலையம். 1974 போரோடு நின்றது. ஐ.நா. காவலில் உள்ள இடைநிலத்தில் டிரைடன்ட் என்ற பயணிகள் விமானம் ஒன்று சிதைந்துபோய் இன்னமும் நிற்கிறது. அதற்கு வேண்டுமானால் பறந்தலை.

அனுப்புநர்: இள.

அம்மா, பற, பறவை, பறம்பு, பறந்தலை எல்லாம் ஒரு குடும்பமாக இருக்க வாய்ப்புண்டு. 'பரந்த தலை' என்பதே மருவியிருக்கலாம்; தலை என்றால் இடம். அப்படியானால் ஓடுபாதைகள் பரந்து கிடக்கும் வெளிக்கு…

அனுப்புநர்: சு.

ரகரத்தையும் றகரத்தையும் இப்படி மாற்றிப்போட்டால் 'அரம்' செய விரும்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிவரும், ஐயா.

அனுப்புநர்: க.நி.

நான் ஓய்நிலையம் என்று சொல்லலாம் என நினைத்தேன். சிறியது, வினைத்தொகை.

அனுப்புநர்: சு.

அங்கேதான் சிக்கல், தம்பி. வினைத்தொகை காலம் கரந்தது. ஓய்ந்த நிலையமா, ஓய்கிற நிலையமா, இனி ஓயப்போகிறதா? படிப்பவர் பயணிகள் கால் நீட்டிப் படுக்கும் கூடம் என்றே எடுத்துக்கொள்வார்.

அனுப்புநர்: வி.பொ.

ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். துறையில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 'மூடல்' என்பது ஒரே வகை கிடையாது. வானூர்திக்காரனுக்கு மூடல் என்பது ஓடுபாதையில் தீட்டிய பெரிய பெருக்கல் குறி. மேலிருந்து பார்த்தால் இறங்காதே என்று பொருள். 2003 மார்ச்சில் சிகாகோ மேயர் நள்ளிரவில் புல்டோசர்களை அனுப்பி, மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சிறு விமான நிலையத்தின் ஓடுபாதையில் அந்தக் குறியையே பள்ளமாகத் தோண்டவைத்தார். நிறுத்தியிருந்த சிறுவிமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. இப்போது அது பூங்கா.

ஹாங்காங்கின் காய் டாக் வேறு கதை. 1998 ஜூலையில் மூடியதும், பயணச்சீட்டில் அச்சிடும் அதன் எச்.கே.ஜி. என்ற மூன்றெழுத்துக் குறியீடு புது நிலையத்துக்குப் போய்விட்டது. பெயர்ச்சீட்டு கூடுவிட்டுக் கூடு பாய்ந்தது. கடலுக்குள் நீண்ட பழைய ஓடுபாதையின் முனையில் 2013 முதல் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. டென்வரின் ஸ்டேபிள்டன் 1995இல் மூடியது. அங்கே கான்கிரீட்டைப் பெயர்த்து நொறுக்கி வேறு வேலைக்குக் கொடுத்தார்கள். வீடுகள் வந்துவிட்டன. கட்டுப்பாட்டுக் கோபுரம் மட்டும் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பீர்களா? கட்டடம் நிற்கிறதா, நிலம் வெறுமையாக இருக்கிறதா, பெயர் மட்டும் இடம் மாறியதா என்று பார்த்துத்தான் சொல் வைக்க வேண்டும். தரைக்கடியில் கசிந்த எரிபொருளும் தீயணைப்பு நுரையின் ரசாயனமும் கிடக்கும் இடங்களைப் 'பூங்கா' என்று எழுதி முடித்துவிடவும் முடியாது.

அனுப்புநர்: க.நி.

அப்படியானால் 'பழைய விமான நிலையம்'?

அனுப்புநர்: வி.பொ.

'பழைய பேருந்து நிலையம்' என்று போர்டு வைத்த இடத்தில் இன்றும் பேருந்து வருகிறதே, தம்பி.

அனுப்புநர்: த.மொ.

வி.பொ. ஐயா, நன்றி. ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. பொதுவாக வரும் இடங்களில் 'முன்னாள் விமான நிலையம்' என்று போடட்டுமா? நிலம் பற்றிப் பேசும்போது 'பறப்பு நின்ற வெளி' என்று விரித்தே எழுதிவிடுகிறேன். டெம்பல்ஹோஃபில் கட்டடம் கட்டக் கூடாது என்று 2014இல் பெர்லின் மக்கள் வாக்களித்த கட்டுரைக்கு அந்த 'வெளி' நன்றாக அமைகிறது.

அனுப்புநர்: சு.

எனக்குச் சம்மதம். கடிசொல் இல்லைக் காலத்துப் படினே: காலத்தோடு வந்து பொருந்தும் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை.

அனுப்புநர்: க.நி.

சரி.

அனுப்புநர்: வி.பொ.

சரி. விரித்து எழுதுவதுதான் சரியானது.

அனுப்புநர்: இள.

முன்னாள் என்பது அமைச்சருக்குச் சொல்வது. தொல்காப்பியத்தைக் காட்டிச் சோம்பலுக்கு உரிமம் கொடுக்கிறீர்கள், அம்மா. என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். த.மொ., நிக்கோசியா கட்டுரையிலாவது பறந்தலை வரட்டும்.

அனுப்புநர்: த.மொ.

ஒரு இடத்தில் போட்டிருக்கிறேன், ஐயா. பதிப்பாசிரியர் விட்டுவைத்தால் உண்டு. கோப்பை அனுப்பிவிட்டேன்.

அனுப்புநர்: க.நி.

அதிருக்கட்டும், ஓடுபாதையா ஓடுதளமா?

அனுப்புநர்: இள.

இரண்டுமே வினைத்தொகைதான், தம்பி. ஆனால் 'தளம்' இருக்கிறதே…