பெஸ்ட் பிஃபோர் தாண்டின பிஸ்கட்டை அரைவிலைக்கு விக்கலாமா?

உவர்மலைக் கடை:
கடையில கிறீம் பிஸ்கட் ரெண்டு பெட்டி கிடக்கு. பெஸ்ட் பிஃபோர் போன கிழமை முடிஞ்சுது. ஏஜென்ட் திருப்பி எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறார். உடைச்சுப் பார்த்தன், மொறுமொறுப்பு அப்படியே இருக்கு. திகதியைப் பெரிசா எழுதிக் காட்டி அரைவிலைக்கு வைக்கப் போறன். இங்கிலாந்தில பெஸ்ட் பிஃபோர் தாண்டினதை விக்கலாம், யூஸ் பை தாண்டினதைத்தான் விக்கக்கூடாது. முதலாவது தரத்துக்கு, மற்றது பாதுகாப்புக்கு. சாப்பிடக்கூடிய சாமானை ஏன் குப்பையில கொட்டோணும்?

கிண்ணியா நானா:
தம்பி, இங்கிலாந்துச் சட்டத்தை வச்சு திருகோணமலை மத்திய வீதியில கடை நடத்தேலாது. இங்க இருக்கிறது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். காலாவதியான சாமானை விக்கிறது மட்டுமில்ல, விக்க வச்சிருந்தாலும் வழக்குத்தான். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா ராக்கையில இருக்கிற பைக்கற்றைத்தான் எடுத்துப் பார்ப்பார். உங்கட அரைவிலை மட்டை கோர்ட்டில கை குடுக்காது.

உவர்மலைக் கடை:
நானா, பைக்கற்றில எக்ஸ்பயரி எண்டு இல்லையே. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018இல திருத்தின லேபல் விதியிலயும் இது ரெண்டும் வேற வேறதான். வினாகிரிக்குத் திகதியே தேவையில்லை எண்டு விட்டிருக்கு. எல்லாத்தையும் ஒரே கண்ணால பார்க்கிறது சரியில்லை.

நிலாவெளி அக்கா:
பால் சாமான் கம்பனியில தரக்கட்டுப்பாட்டில இருக்கிறன். ரெண்டு பேரும் திகதியை மட்டும் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க. அந்தத் திகதி, லேபல்ல சொன்ன மாதிரி வச்சிருந்தாத்தான் செல்லும். குளிரான, ஈரமில்லாத இடம் எண்டு போட்ட பிஸ்கட், தகரக் கூரை ஸ்டோரில சித்திரை வெயிலுக்குக் கிடந்தா அதில இருக்கிற கொழுப்பு திகதிக்கு முதலே கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். தம்பி உடைச்சுப் பார்த்தது ஒரு பைக்கற். மற்றதுகளுக்கு என்ன உத்தரவாதம்?

எனக்கு உண்மையில பயம் பிஸ்கட்டில இல்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில பிரிட்ஜை நிப்பாட்டுற கடைகள் இருக்கு. விடிய அதே யோகட், அதே திகதியோட விக்குது. சோசேஜைப் பெரிய பைக்கற்றை வெட்டி உதிரியா விக்கினம், உறையோட திகதியும் குப்பைக்குப் போகுது. லிஸ்டீரியா எண்ட கிருமி பிரிட்ஜ் குளிரிலயும் மெதுவா வளரும். மணமும் மாறாது, நிறமும் மாறாது. கர்ப்பிணிக்குக் கருவே கலையலாம். பிள்ளைப் பால்மாவில திகதி தாண்டினா லேபல்ல போட்ட அளவுக்குச் சத்து இருக்கும் எண்டு நம்பேலாது. இதுகளில அரைவிலைப் பேச்சே வேண்டாம்.

உவர்மலைக் கடை:
அக்கா, யோகட், சோசேஜ், பால்மாவில நான் வாதாட வரேல்ல. பிஸ்கட்டை ராக்கையால இறக்கிறன். ஆனா நல்ல சாமானை எறிய வைக்கிறது பிழை எண்டதில மாற மாட்டன்.

கிண்ணியா நானா:
எறியாம இருக்க வழி, திகதி தாண்ட முதலே விலை குறைக்கிறது. மாதத் தொடக்கத்தில ராக்கையைப் பாருங்க, கிட்டத்தில முடியிறதை முன்னுக்கு எடுத்து வைங்க. சாமான் இறக்கும்போதே திகதியைப் பார்த்து, குறுகினதை ஏஜென்ட்டிட்டயே திருப்பிக் குடுங்க. பில்லில கையெழுத்து வச்ச பிறகு அவர் எடுக்கமாட்டார்.

அனுராதபுரச் சந்தி:
இடையில ஒரு கேள்வி. இறக்குமதிச் சொக்லேற்றில 05.06 எண்டு கிடக்கு. மே மாதமா, ஜூனா?

நிலாவெளி அக்கா:
எந்த நாட்டுச் சாமான் எண்டு பாருங்க. அமெரிக்காவில மாதத்தை முதல் போடுவினம், அப்ப மே 6. எங்கட வழக்கத்தில ஜூன் 5. தெரியாட்டி முந்தி வாறதை எடுத்துக்கொள்ளுங்க. 'பெஸ்ட் பிஃபோர் எண்ட்' எண்டு மாதமும் வருசமும் மட்டும் இருந்தா அந்த மாதத்தின்ர கடைசி நாள்.